மெய்யெழுத்துகள் வாய்க்குள் எப்படிப் பிறக்கின்றன? டெல்டா பேச்சை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்களும், பிள்ளைகளின் பேச்சைக் கவனிக்கிற பெற்றோரும், பாட்டும் ஜதியும் பழகுகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. படிக்கும்போதே உதாரணங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எங்கே போகிறது என்பதை அவரவர் வாயில் உணர்ந்தால்தான் பாதி பதில்கள் புரியும்.

உயிரெழுத்துக்கும் மெய்யெழுத்துக்கும் வாய்க்குள் என்ன வித்தியாசம்?

'ஆ' என்று நீட்டிச் சொல்லுங்கள். நுரையீரலிலிருந்து கிளம்பிய காற்று எங்கும் தடைபடாமல் வெளியே வருகிறது. இப்போது 'ஆப்பம்' என்று சொல்லுங்கள். நடுவில் உதடுகள் ஒட்டி, காற்று ஒரு கணம் நின்று, பிறகு விடுபடுகிறது. அந்தத் தடைதான் மெய். தடை எங்கே விழுகிறது, எவ்வளவு இறுக்கமாக விழுகிறது, காற்று நடுவில் போகிறதா பக்கவாட்டில் போகிறதா மூக்கு வழியாகப் போகிறதா, அந்த நேரத்தில் குரல்நாண்கள் அதிர்கின்றனவா. இவ்வளவையும் சொல்லிவிட்டால் தமிழின் 18 மெய்களையும் விவரித்துவிடலாம்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே இருக்கிற நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாத்தியத்தில் சீவாளி அதிர்ந்து ஒலியை எழுப்புகிறது, குழல் அந்த ஒலிக்கு உருவம் கொடுக்கிறது. நம் தொண்டையில் சீவாளியின் வேலையைக் குரல்நாண்கள் செய்கின்றன. அங்கிருந்து உதடு வரை போகும் பாதைதான் குழல். வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. மரக்குழலின் வடிவம் கடைந்தபோதே முடிவாகிவிடுகிறது. வாய்க்குழலின் வடிவமோ ஒவ்வொரு எழுத்துக்கும் மாறுகிறது. மாற்றுவது பெரும்பாலும் நாக்கு.

க, ங, ச, ஞ என்ற வரிசைக்குக் காரணம் உண்டா?

உண்டு. க்–ங், ச்–ஞ், ட்–ண், த்–ந், ப்–ம் என்று இணை இணையாக மெதுவாகச் சொல்லுங்கள். 'க்' சொல்லும்போது நாக்கின் பின்பகுதி எழும்பி, மேல்வாயின் பின்னால் மெத்தென்று இருக்கும் மெல்லண்ணத்தைத் தொடுகிறது. 'ச்'சுக்கு நடு நாக்கு. 'ட்'டுக்கு நாக்கு நுனி மேலே மடிந்து, கெட்டியான அண்ணத்தைத் தொடுகிறது. 'த்' வந்தால் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் பரந்து படிகிறது. 'ப்' உதட்டில் முடிகிறது. தொண்டைப் பக்கத்திலிருந்து வாசல் வரைக்கும் ஒரே நடை. ஒவ்வொரு வல்லினத்துக்கும் பக்கத்தில் நிற்கும் மெல்லினம் அதே இடத்தில் பிறக்கிறது, மூக்கு வழி மட்டும் கூடுதலாகத் திறக்கிறது. அதனால்தான் சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, தம்பி என்று இனமும் இனமும் ஒட்டி வருகின்றன. நாக்கு இடம் மாற வேண்டிய வேலையே இல்லை.

ஒன்றாம் வகுப்பில் இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், வாயில் தொட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

'க' என்று ஒரே எழுத்து, ஆனால் கடல், பக்கம், தங்கம், பகல் என்று நாலு விதமாக ஒலிக்கிறதே?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். தமிழ் மெய்களின் அழகு பாதி இதற்குள் இருக்கிறது.

தொண்டையில் கை வைத்து 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள், அதிர்வு தெரியும். 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள், அதிர்வு இருக்காது. குரல்நாண்கள் அதிர வேண்டும் என்றால் அவற்றின் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாயை முழுவதும் அடைத்துவிட்டால், மேலே போன காற்று வாய்க்குள் சேர்ந்து அழுத்தம் ஏறும். அழுத்தம் மேலும் கீழும் சமமானதும் ஓட்டம் நிற்கும், அதிர்வும் நிற்கும்.

இப்போது 'பக்கம்' என்ற சொல்லைப் பாருங்கள். 'க்க' என்று இரட்டித்து வருவதால் அடைப்பு நீளமாக இருக்கிறது. அழுத்தம் ஏறி, அதிர்வு அடங்கிப்போகிறது. கிடைப்பது கெட்டியான, அதிர்வில்லாத 'க'. 'தங்கம்' சொல்லும்போது 'ங்' என்ற மூக்கொலி முன்னால் வருகிறது. மூக்கு வழி திறந்திருப்பதால் குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன, அந்த அதிர்வு அப்படியே அடுத்த 'க'வுக்குள் நுழைந்துவிடுகிறது. 'பகல்' இன்னும் சுவையானது. இரண்டு பக்கமும் 'அ' இருக்கிறது. வாய் திறந்தே இருக்கிற ஓட்டத்தில், மேலே ஏறி முழுசாக அடைத்துவிட்டு இறங்க நாக்குக்கு நேரமில்லை. பாதி தூரம் போய்த் திரும்பிவிடுகிறது. காற்று இடுக்கில் உரசிப் போகிறது, கேட்பதற்கு 'ஹ' மாதிரி இருக்கிறது.

இந்தத் தளர்ச்சி பேச்சில் இன்னும் ஒரு படி போகும். 'மகன்' கிராமத்துப் பேச்சில் 'மவன்' ஆகிறது. 'போகிறேன்' என்பதில் 'க'வே காணாமல் போய் 'போறேன்' நிற்கிறது. அடைப்பு, உரசல், மெல்லிய வழுக்கல், மறைவு என்று ஒரு இறங்குவரிசை.

'ச'வும் இப்படித்தான். டெல்டாவில் பலர் 'சோறு' என்பதை ஸகர ஒலியோடு தொடங்குகிறோம். 'பச்சை' சொல்லும்போது கெட்டியாகிறது. 'தஞ்சாவூர்' என்றால் ஜகரம். நான்கு ஒலிக்கு நான்கு எழுத்து வேண்டாம், இடத்தைப் பார்த்தாலே ஒலி தெரிந்துவிடும் என்பதுதான் தமிழ் எழுத்தின் கணக்கு. சமஸ்கிருத, உருதுச் சொற்கள் வந்து கலந்தபோதுதான் இடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாமல் போயிற்று. 'பாவம்' என்று எழுதினால் இரக்கமா, வினைப்பயனா, முகபாவமா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் முதல் எழுத்தின் ஒலியை முடிவு செய்கிறோம்.

நம் 'ப'வுக்கும் ஆங்கிலேயர் சொல்லும் 'ப'வுக்கும் ஏன் ஒட்டவில்லை?

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து 'பால்' என்று சொல்லுங்கள். காற்று லேசாகத்தான் படும். ஆங்கிலேயர் தங்கள் மொழியில் பேனாவுக்கான சொல்லைச் சொல்லும்போது உதடு விடுபட்டதும் ஒரு மூச்சு புஸ்ஸென்று வரும். அதன் பிறகுதான் குரல்நாண் அதிரத் தொடங்கும். தமிழில் உதடு விடுபட்ட உடனேயே அதிர்வு தொடங்கிவிடுகிறது. வித்தியாசம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் காது அதைப் பிடித்துவிடும்.

'ப்' என்றால் வாயை மூடுவதுதானே? மூடிய வாயிலிருந்து ஒலி எப்படி வரும்?

'அப்பா'வின் நடுவில் உண்மையிலேயே ஒன்றும் கேட்பதில்லை. அது மௌனம். 'அக்கா', 'அத்தை', 'அட்டை' எல்லாவற்றிலும் அதே மௌனம்தான். ஆனாலும் காது குழம்புவதில்லை. ஏனென்றால் காது மௌனத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிற உயிரொலியைக் கவனிக்கிறது. நாக்கோ உதடோ அடைப்பை நோக்கிப் போகும்போதே 'அ'வின் தொனி வளைகிறது, விடுபடும்போது இன்னொரு விதமாக வளைகிறது. உதடு மூடுகிற வளைவு ஒரு மாதிரி, நாக்கு மடிகிற வளைவு வேறு மாதிரி.

நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள, ழ ஆகியவற்றுக்கு அடையாளம் முன்னால் வருகிற உயிரில்தான் அதிகம் இருக்கிறது. அவை சொல்லுக்கு முதலில் வந்தால் முன்னால் உயிரே இருக்காது, அடையாளமும் மங்கிவிடும். தமிழ் இலக்கணம் இந்த எழுத்துகளைச் சொல்லின் முதலில் விடுவதில்லை. விதியை மட்டும் படித்தவர்களுக்கு அது வெறும் கட்டுப்பாடாகத் தெரியும். காரணம் காதில் இருக்கிறது.

'ழ' எப்படிச் சொல்வது? பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வழி உண்டா?

முதலில் 'ள்ள்ள்' என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே, குரலை நிறுத்தாமல், நுனியை மட்டும் நூலளவு கீழே இறக்கச் சொல்லுங்கள். தொடுதல் விட்டதும் 'ள்' கரைந்து 'ழ்' வந்துவிடும். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களோடு ஒட்டியே இருக்கட்டும். உதடு குவிய வேண்டாம்.

சரியாக வருகிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. 'ள்' நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மூச்சை வாயால் சட்டென்று உள்ளே இழுங்கள். குளிர்ச்சி நாக்கின் பக்கவாட்டில் தெரியும். 'ழ்' நிலையில் வைத்து அதேபோல் இழுங்கள். இப்போது குளிர்ச்சி நாக்கின் நடுவில் ஓடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: ள-வில் நுனி அடைத்து ஓரம் திறக்கிறது, ழ-வில் ஓரம் அடைத்து நடு திறக்கிறது.

பிறகு சொற்களுக்குப் போகலாம். உயிருக்கு நடுவில் வருகிற மழை, வாழை, உழவு, சோழன், சீர்காழி முதலில். நாக்கு வளைவதற்கு முன்னால் கொஞ்சம் இடம் கிடைப்பதால் இவை சுலபம். 'கீழ்வேளூர்' கடைசியில், அதில் ழ்-வும் ள-வும் அருகருகே வந்து நாக்கைத் திணறடிக்கும். ஒரே நாளில் நிறைய வேண்டாம், தினம் கொஞ்ச நேரம் போதும். தயவுசெய்து நாக்குத் தடித்தவன், சோம்பேறி நாக்கு என்றெல்லாம் பிள்ளையைச் சொல்லாதீர்கள். வாய்க்குள் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஒலியை விஞ்ஞானிகள் உள்ளே படமெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்வாளர்களும் காந்த அதிர்வுப் படங்களை, அதாவது மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனை, வைத்துத் தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். நுனி எங்கே இருக்கிறது என்பதோடு கதை முடிவதில்லை, நாக்கின் உடல் முழுவதும் எந்த வடிவம் எடுக்கிறது என்பதும் சேர்ந்துதான் இந்த ஒலிகளைப் பிரிக்கிறது என்பது அந்த மாதிரிப் படங்களில் தெரிகிறது.

எங்கள் ஊரில் எல்லாரும் 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறோம். அது தவறா?

பேச்சில் தவறு இல்லை. டெல்டாவிலும் அதற்குத் தெற்கேயும் பல ஊர்களில் ழகரம் ளகரத்தோடு சேர்ந்துவிட்டது. வடக்கே சென்னைப் பக்கம் பேச்சில் 'வாயப்பயம்' என்று யகரமாகக் கேட்கலாம். மேலே சொன்ன நாக்கு நிலையை நினைத்துப் பாருங்கள். 'ழ்' என்பது நுனி எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டிய ஒலி. அந்த நிலையைத் தக்க வைப்பது கடினம். நுனி மேலே போய் ஒட்டிக்கொண்டால் 'ள', மடிப்பு தளர்ந்து நாக்கு முன்னால் விழுந்தால் 'ய'. இரண்டு ஊரும் ஒரே சிக்கலுக்கு இரண்டு வழி கண்டிருக்கின்றன.

இது எழுத்திலேயும் நடந்திருக்கிறது. சம்பா அறுவடைக்கு முன்னால் ஈர வயலில் நாம் தெளிக்கிற உளுந்து, சங்கப் பாட்டில் 'உழுந்து'. இன்றைக்கு நம் பக்கத்தில் அப்படி எழுதுவதைப் பார்ப்பது அரிது.

ஆனால் வாசிக்கும்போதும், மேடையில் பேசும்போதும், தேவாரம் பாடும்போதும் ழ வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 'வாழை'யும் 'வாளை'யும் வேறு, ஒன்று தோட்டத்தில் இருப்பது, இன்னொன்று ஆற்று மீன். வீட்டுப் பேச்சு ஒன்று, வாசிப்பு ஒன்று என்று இரண்டையும் பிள்ளைகள் வைத்துக்கொள்ள முடியும். ஒன்றைக் கற்றுக்கொடுக்க இன்னொன்றைக் கேவலப்படுத்த வேண்டியதில்லை.

ல-வுக்கும் ள-வுக்கும்?

இரண்டிலும் காற்று நாக்கின் பக்கவாட்டில் போகிறது. 'ல' சொன்னால் நுனி ஈற்று மேட்டை, அதாவது மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு புடைத்திருக்கும் இடத்தை, தொடும். 'ள' சொன்னால் நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். பலா, பள்ளம் என்று மாற்றி மாற்றிச் சொன்னால் போதும்.

ஆறு, ஆர் இரண்டும் ஒரே மாதிரிதானே கேட்கிறது? ர-வும் ற-வும் எதற்கு?

டெல்டா பேச்சில் ஒன்றாகத்தான் கேட்கிறது. திருவையாறு, திருவாரூர் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஈற்று மேட்டில் நாக்கு நுனி ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறது. கன்னியாகுமரிப் பக்கம் பலரிடம் இன்னும் இரண்டும் வேறு. அவர்கள் ற சொன்னால் நாக்கு நுனி படபடவென்று துடிப்பதைக் கேட்கலாம்.

பழைய ற-வின் அடையாளம் இரட்டிக்கும்போது தெரிகிறது. இலக்கணம் இதை வல்லினத்தில் வைத்திருக்கிறது. அதாவது க, ட, ப போல முழுசாக அடைத்துத் திறக்கிற ஒலி. எழுத்துத் தமிழில் 'காற்று' என்று வாசிக்கும்போது முதலில் ஒரு அடைப்பு, பிறகு ஒரு ரகரம் வருகிறது. யாழ்ப்பாணத்தார் வாயில் அந்த அடைப்பு மட்டுமே இரட்டித்து நிற்கும், இடம் ஈற்று மேடு.

நம் பக்கத்தில் அது பல்லுக்கு நகர்ந்துவிட்டது. காற்று 'காத்து', நேற்று 'நேத்து', நாற்றங்கால் 'நாத்தங்கால்'. ஈற்று மேட்டிலிருந்து பல்லுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அங்கே ஏற்கெனவே 'த்' என்ற பழகிய அடைப்பு இருக்கிறது, நாக்கு அதோடு சேர்ந்துகொண்டது. 'ன்று' வந்த இடங்களில் மூக்கொலி ஜெயித்துவிட்டது: கன்று 'கன்னு' ஆனது, ஒன்று 'ஒண்ணு', மூன்று 'மூணு'. வயலில் நிற்கிறவர் 'நாத்து' என்று சொல்வது படிக்காததால் வந்த கோளாறு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒழுங்கில் நூற்றுக்கணக்கான சொற்கள் மாறியிருக்கின்றன. கோளாறு இப்படி ஒழுங்காக நடக்காது.

படித்தேன் 'படிச்சேன்' ஆகிறது, ஆனால் பார்த்தேன் 'பாச்சேன்' ஆவதில்லை. ஏன்?

இகரம்தான் காரணம். 'இ' சொல்லும்போது நடு நாக்கு மேல்வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் உயர்ந்து நிற்கிறது. அடுத்து 'த்த்' வர வேண்டும், அது பல்லில். உயர்ந்த நாக்கு முழுசாக இறங்குவதற்குள் அடைப்பு விழுந்துவிடுகிறது, அதனால் அது பல்லில் விழாமல் நடு அண்ணத்தில் விழுகிறது. அந்த இடத்து அடைப்புக்குப் பெயர் 'ச்'. அடித்து 'அடிச்சு', சிரித்தான் 'சிரிச்சான்'. ஐகாரத்தின் முடிவிலும் நாக்கு அதே உயரத்துக்குப் போவதால் ஐந்து 'அஞ்சு', வைத்து 'வச்சு'. 'ஐந்து' என்பதில் ந்-உம் கூடவே ஞ்-ஆக மாறியதைக் கவனியுங்கள், இனம் இனத்தோடுதான் போகும். 'பார்த்தேன்' என்பதில் இகரமே இல்லை, அதனால் 'பாத்தேன்' என்று பல்லிலேயே நிற்கிறது.

ண, ந, ன மூன்றும் வாயில் வேறுவேறா?

ண வேறு, அதில் சந்தேகமில்லை, நாக்கு மடிகிறது. ந-வும் ன-வும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. 'பந்து' போல த-வுக்கு முன்னால் வரும்போது மட்டும் ந் கட்டாயம் பல்லில் நிற்கும், 'தென்றல்' சொன்னால் ன் ஈற்று மேட்டில் நிற்கும். மலையாளிகள் இன்னும் இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. 'மரம்' என்று வேகமாகப் பேசும்போது கடைசியில் உதடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். பல நேரம் ஒட்டாது. மெல்லண்ணம் முன்கூட்டியே இறங்கி மூக்கு வழியைத் திறந்துவிடுவதால், ம்-இன் வேலையை மூக்கில் ஒலிக்கிற உயிரே முடித்துவிடுகிறது.

ஜலதோஷம் பிடித்தால் 'மாமா' ஏன் 'பாபா' மாதிரி கேட்கிறது?

ம-வுக்கும் ப-வுக்கும் உதட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. ம சொல்லும்போது மெல்லண்ணம் இறங்கிக் காற்று மூக்கால் போகும். மூக்கு அடைத்திருந்தால் போக வழியில்லை, அதிர்வோடு கூடிய ப-தான் மிஞ்சும். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீட்டப் பாருங்கள், ஒரு நொடிக்கு மேல் முடியாது.

வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினால், பல் விழுந்தால், எந்த எழுத்து கெடுகிறது?

கும்பகோணத்து வெற்றிலைக்குப் பழகிய வாய்கள் இதை நன்றாக அறியும். வாய் நிறைய தாம்பூலம் இருக்கும்போது நாக்கு மேல்வாயை முழுசாகத் தொட முடியாது, அதனால் ட, ள, ச எல்லாம் மழுங்குகின்றன. சாறு வழியாமல் இருக்க உதட்டையும் முழுசாகத் திறப்பதில்லை. முகவாயை மேலே தூக்கிக்கொண்டு பேசுவது அதற்காகத்தான். மூக்கு வழி திறந்திருப்பதால் 'ம்', 'உம்' மட்டும் சேதமில்லாமல் வரும்.

முன்பல் போனவர்களுக்கு முதலில் கெடுவது ஸகரம். காற்றை ஒரு மெல்லிய ஓடையாக்கி முன்பல்லின் விளிம்பில் மோதவிட்டால்தான் அந்தக் கூர்மையான இரைச்சல் வரும். மோத விளிம்பு இல்லை என்றால் 'ஷ'வுக்கும் 'ஹ'வுக்கும் நடுவில் ஒரு சத்தம் வருகிறது. த, ந கொஞ்சம் கெடும், ஆனால் நாக்கு ஈற்றில் பட்டே சமாளித்துவிடும். க, ங ஆகியவற்றுக்கு முன்பல்லோடு சம்பந்தமே இல்லை. புதிதாகப் பல்செட் கட்டியவர்களுக்கு மேல்வாயை மூடும் தகட்டின் கனத்தால் முதல் சில வாரம் ச, ல, ட தடுமாறும். சத்தமாக வாசித்துப் பழகினால் நாக்கு புதிய தூரத்தைக் கற்றுக்கொள்ளும்.

வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோலில் 'தகதிமி' என்று ஏன்? வேறு எழுத்துகளை வைத்திருக்கக் கூடாதா?

வேகமாக 'தததததத' என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நுனி நாக்கு களைத்துத் தடுமாறும். இப்போது 'தகதகதக' என்று சொல்லுங்கள். வேகம் தானாகக் கூடும். த-வை நுனி நாக்கு செய்கிறது, க-வைப் பின்நாக்கு செய்கிறது. ஒன்று தட்டும்போது இன்னொன்று அடுத்த தட்டுக்குத் தயாராகிறது. 'தகதிமி'யில் நுனி, பின்பகுதி, நுனி, உதடு என்று வேலை மூன்று பேருக்குப் பங்காகிறது. 'தகிட'வில் பல், மெல்லண்ணம், அண்ணம். மேல்காலத்தில், அதாவது வேகமாக, சொல்ல வேண்டிய சொற்கட்டுகள் எல்லாமே இப்படி இடம் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம். இதைக் கட்டியவர்களுக்கு வாயின் அமைப்பு அத்துப்படியாக இருந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடுகிறது.

மிருதங்கத்தில் நாதம் நீடிக்கிற அடிகளுக்கு நம், தொம், தீம் என்று மூக்கொலியில் முடியும் சொற்கள். ம்-ஐ இழுக்க முடியும் என்பதால் அவை பொருத்தம். கட்டென்று நின்றுவிடும் அடிகளுக்கு த, கி, ட போன்ற அடைப்பொலிகள்.

பாட்டிலும் இந்த அறிவு விளையாட்டாக வெளிப்பட்டிருக்கிறது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் உருவாக்கிய நிரோஷ்டா ராகத்தில் ஸ, ரி, க, த, நி மட்டும்தான். மகரமும் பகரமும் இல்லாததால் ஸ்வரம் பாடும்போது உதடுகள் ஒட்டவே ஒட்டாது.

கொள்ளிடத்தை வெள்ளைக்காரர்கள் 'கோலரூன்' என்று ஏன் எழுதினார்கள்?

காதில் விழுந்தபடி எழுதினார்கள். 'கொள்ளிடம்' என்பதில் 'ட' இரண்டு உயிருக்கு நடுவில் இருக்கிறது. நாம் அங்கே கெட்டியான 'ட்ட' சொல்வதில்லை. மடிந்த நாக்கு அண்ணத்தை ஒருமுறை வருடிவிட்டு விழுகிறது. அந்த வருடல் ஐரோப்பியக் காதுக்கு ரகரமாகத்தான் கேட்கும். ள-வை ல என்று எழுதிக்கொண்டார்கள், மடித்த நாக்கு அவர்கள் மொழிகளில் இல்லை. சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனதிலும் ழ ரகரமாகத்தான் பதிவாகியிருக்கிறது. கோழிக்கோடு 'காலிகட்' ஆனபோது அதே ழ-வை லகரமாகக் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒலியை ஒவ்வொருவரும் தங்களிடம் இருந்த பெட்டியில் போட்டுக்கொண்டார்கள்.

தொல்காப்பியம் சொல்வதும் இன்றைய ஒலியியலும் ஒத்துப்போகின்றனவா?

பெரும்பாலும் வியக்கும்படி ஒத்துப்போகின்றன. எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியல் முழுவதும் இதற்காகவே இருக்கிறது. க, ங முதல்நாவில், அதாவது நாக்கின் அடிப்பகுதியில். ச, ஞ இடைநாவில். ட, ண நுனிநாவில். த, ந சொல்லும்போது நாக்கு நுனி பரந்து பல்லின் அடியை ஒட்டும் என்கிறது. 'பரந்து' என்ற கவனிப்பைப் பாருங்கள், இன்றைக்கும் ஒலியியல் வகுப்பில் அதைத்தான் சொல்கிறார்கள். ப, ம இரு உதடும் இயைந்து. வ மட்டும் பல்லும் இதழும் சேர்ந்து. ஃப என்று இன்று எழுதுகிற ஒலிக்கும் அதே இடம்தான் என்பதால் அது நமக்குச் சுலபமாக வந்துவிட்டது.

தொடுதலின் தன்மையையும் அது பிரிக்கிறது. ற, ன சொல்லும்போது நுனி நாக்கு மேல் நோக்கி எழுந்து அண்ணத்தை 'ஒற்றும்', ர, ழ சொல்லும்போது 'வருடும்'. அடைப்பும் உரசலும் வேறு என்பது அந்த இரண்டு வினைகளிலேயே வந்துவிட்டது. ர-வும் ழ-வும் ஒரே நூற்பாவில் வருவதை, கோரமண்டல் கதையோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

வேறுபடும் இடங்களும் உண்டு. காற்று உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழிலிருந்து, எழுவதாக அது சொல்கிறது. பேச்சுக்கான காற்று நுரையீரலிலிருந்து வருகிறது. குரல்நாண் அதிர்வு பற்றித் தனியாகப் பேச்சில்லை, தமிழ் எழுத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

என் பிள்ளை 'காக்கா'வை 'தாத்தா' என்கிறது. கவலைப்பட வேண்டுமா?

இரண்டு, மூன்று வயதில் இல்லை. பின்நாக்கைத் தனியாகத் தூக்குவது கடினம், அது கண்ணுக்கும் தெரியாது. நுனி நாக்கைத் தட்டுவது சுலபம். அதனால் க வர வேண்டிய இடத்தில் த வரும். ப, ம சீக்கிரம் வரும், அம்மாவின் உதடு மூடுவது குழந்தைக்குத் தெரிகிறது. ற, ழ கடைசியில்தான் வரும், பள்ளிக்குப் போகும் வயதிலும் வராமல் இருக்கலாம்.

நான்கு வயதிலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை என்றால், அல்லது எல்லா எழுத்தும் மூக்கால் வருகிறது என்றால், பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் காதுப் பரிசோதனை கட்டாயம். சரியாகக் கேட்காத ஒலியைச் சரியாகச் சொல்ல முடியாது. அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு வாய்க்குள் அழுத்தம் சேராமல் மூக்கால் கசிந்துவிடும், ப, ட, க எல்லாம் வலுவிழக்கும். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து, பிறகு பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கிறது. தள்ளிப்போட வேண்டாம்.

சொன்னதையெல்லாம் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'பிராட்' என்ற மென்பொருள் இலவசம். கணினியில் இறக்கி, கைபேசியில் பதிந்த குரலை அதில் திறந்தால் ஒலி படமாக விரியும். முதலில் 'படு', 'பட்டு' இரண்டையும் பதியுங்கள். முதல் சொல்லின் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும், இரண்டாவதில் அது இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டு வெறுமையாக இருக்கும். 'பாசம்' சொன்னால் ச வரும் இடத்தில் மேல்பக்கம் முழுவதும் மணல் தூவியதுபோல் இரைச்சல். அடுத்து 'வாலை', 'வாளை', 'வாழை' மூன்றையும் ஒரே குரலில் பதிந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உயிரொலியின் கறுப்புப் பட்டைகளில் கீழிருந்து மூன்றாவதைக் கவனித்தால், ழ வரும்போது அது கீழே சரிவது தெரியும். பிள்ளைக்கு ழ பழக்கும்போது இந்தப் படத்தையும் காட்டுங்கள். ஆசிரியர் குரலின் படத்தையும் அதன் குரலின் படத்தையும் ஒப்பிட்டு, பட்டை சரிகிறதா என்று அதுவே சொல்லிவிடும்.